வெயில் வந்தால் தெரியும்

"ஐயையோ, கல்யாண வேட்டிங்க அது! கிழிக்காதீங்க!"

துர்காதேவி ஓடிவந்து பிடுங்குவதற்குள் தினகரன் வேட்டியைச் சர்ரென்று கிழித்துவிட்டான். கரையைத் தனியாகப் பிய்த்துத் தூர எறிந்தான். ராத்திரி பூராவும் தூங்காத கண் இரண்டும் சிவந்து கிடந்தன.

"விடு துர்கா. நம்ம வீட்லயே மெத்துனு இருக்கற துணி இது ஒண்ணுதான். தையல், கரை எதுவும் பெயிண்டு மேல படக்கூடாதுன்னு சொல்லிட்டாரு அந்த வாலாஜாபாத் பெயிண்டர்."

ஷெட்டில் முதலாளி கலியாணசுந்தரத்தின் கறுப்புக் கார் நின்றது. வாங்கி எட்டு மாசம்தான் ஆகிறது. நிழலில் பார்த்தால் முகம் பார்க்கலாம். வெயிலில் நிறுத்தினால் போச்சு, பானெட் முழுக்க வட்ட வட்டமாக மெல்லிய கோடுகள், சிலந்தி வலை மாதிரி.

காஞ்சிபுரத்தில் பெரிய பட்டுக்கடை வைத்திருக்கும் மனுஷன். நேற்று சாயங்காலம் கத்தின கத்தல் தெருக்கோடி வரை கேட்டது. "நாளைக்கு நான் கோயிலுக்கு நடந்தே போய்ட்டு வந்து வெயில்ல நிறுத்திப் பாப்பேன். ஒரு கோடு இருந்தாலும் சாவிய வெச்சிட்டுப் போய்க்கினே இரு!"

வாய்ச் சவடால் என்று தள்ளவும் முடியாது. முன்னால் இருந்த டிரைவர் முனிசாமியை இதே கோட்டுக்காகத்தான் அனுப்பினார். வேலை போனால் ஷெட்டுக்குப் பின்னால் இருக்கும் ஒற்றை ரூமும் போகும். துர்காவுக்கு எட்டாம் மாசம். வயிற்றைத் தள்ளிக்கொண்டு எந்தத் தெருவில் போய் நிற்பது?

"நீங்க பாத்துதானே துடைக்கிறீங்க?" என்றாள்.

"பாத்துதான் துடைக்கிறேன். மணல் போற வரைக்கும் தண்ணி ஊத்தறேன், துணிய அலசி அலசிப் போடறேன். ரெண்டு நாள்ல மறுபடியும் வந்துடுது. என் கை மேலயே எனக்கு சந்தேகமா இருக்குது துர்கா." அவன் குரல் உடைந்தது.

விரல் நுனியில் பாலிஷைத் தொட்டு, துணியில் தடவி, தேய்க்க ஆரம்பித்தான். அழுத்தவும் பயம், அழுத்தாமல் விடவும் பயம். பெயிண்டர் ஏற்கெனவே எச்சரித்திருந்தார். "இதோட மூணு வாட்டி ஆச்சுப்பா. மேல்பூச்சு காகிதமா தேஞ்சிருக்குது. இன்னொரு வாட்டி தேச்சா அடிப்பூச்சு இளிச்சிடும். அப்புறம் ஆண்டவனே வந்தாலும் ஆவாது."

விடிகாலை நாலு மணிக்குத் தொடங்கியவன் எட்டு மணிக்குத்தான் நிமிர்ந்தான். காரை வெயிலுக்கு நகர்த்தினான். பார்க்கத் தைரியம் இல்லாமல் கண்ணை மூடிக்கொண்டான்.

"என்னாங்க... ஒண்ணுகூட இல்லீங்க!" என்றாள் துர்கா.

அதற்குள் கேட் திறந்தது. நெற்றியில் குங்குமமும் தோளில் நாலு விரல் அகல ஜரிகை போட்ட அங்கவஸ்திரமுமாக முதலாளி நேராகக் காரிடம் வந்தார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. குனிந்தார், சாய்ந்தார், காரை ஒரு சுற்றுச் சுற்றினார். தினகரன் காமாட்சியம்மனை மனசுக்குள் கூப்பிட்டுக்கொண்டே நின்றான்.

"அட, ஒரு கோடு இல்லியே!" முதலாளியின் முகம் மலர்ந்தது. "பலே ஆளுய்யா நீ. கோவத்துல ஏதோ பேசிட்டேன், மனசுல வெச்சுக்காதே. உன் பொண்டாட்டிக்குக் கொழந்த பொறந்து, அது நடக்கற வரைக்கும் அந்த ரூம்ல நிம்மதியா இருங்க."

துர்கா புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். கல்யாண வேட்டி போனால் போகட்டும், குடும்பம் பிழைத்தது.

முருங்கை மரத்திலிருந்து பூ ஒன்று உதிர்ந்து பானெட்டில் விழுந்தது. அதோடு கொஞ்சம் தூசி.

"ஒரு நிமிஷம் இரு" என்றார் முதலாளி. தோளில் இருந்த அங்கவஸ்திரத்தை உருவி, கையில் சுருட்டி, பானெட்டில் அழுத்தி வட்ட வட்டமாகத் துடைக்க ஆரம்பித்தார்.

"ஐயா... ஐயா, வாணாங்க..." தினகரன் கை நீட்டித் தடுக்கப் போனான்.

முதலாளி சிரித்துக்கொண்டே இன்னும் கொஞ்சம் அழுத்தினார்.

"பயப்படாதேப்பா, அசல் பட்டு! தெனம் நீ எழுந்துக்கறதுக்கு முன்னாடி நான் இப்படித்தானே துடைக்கிறேன்!"