செருப்புச் சத்தம்

மேசையில் இரண்டு தாள்கள் கிடந்தன. இரண்டிலும் எழுதியவர் பெயர் இல்லை.

காது மருத்துவர் அவற்றை அவள் பக்கமாகத் தள்ளிவைத்தார். ஒன்று அவளுடையது. மற்றது, இதே வேலையைக் கேட்டு வந்திருக்கும் இன்னொருவருடையது. இரண்டையும் படித்துவிட்டு எதை எடுத்துக்கொள்ளலாம் என்று நீங்களே சொல்லுங்கள் என்றார்.

காதுக் கருவியை முதல்முறை மாட்டிக்கொள்கிறவர்கள் கையில் கொடுப்பதற்கு ஒரு சின்னப் புத்தகம் எழுத வேண்டும். அது பிடித்துப்போனால் மருத்துவமனைக்கு வேண்டிய மற்ற எழுத்து வேலைகளும் அதே ஆளுக்குத்தான்.

எந்த அலுவலகத்திலும் சேராமல், வீட்டிலிருந்தே எழுதிப் பிழைக்கிறவள் அவள். மழைக்காலம் தொடங்கியதிலிருந்து கை சும்மாதான் இருந்தது. உன்னைப் பற்றி நீயே நாலு வார்த்தை பெருமையாகச் சொல்லாவிட்டால் இந்தத் தொழிலில் குப்பை கொட்ட முடியாது என்று கிளம்பும்போது கணவன் சொல்லி அனுப்பியிருந்தான். சொல்லித்தான் தெரிய வேண்டுமா என்ன? அவளுக்குப் பெருமைக்குக் குறைச்சலே இல்லை.

முதலில் தன் தாளைப் படித்தாள்.

பேட்டரியை எந்தப் பக்கம் திருப்பிப் போடுவது, எதைக்கொண்டு துடைப்பது, குளிக்கப் போகும்போது எங்கே கழற்றி வைப்பது. எல்லாம் ஒழுங்காக, ஒன்றன்பின் ஒன்றாக. பூதக்கண்ணாடி வைத்துத் தேடினாலும் ஒரு பிழை அகப்படாது.

பிறகு மற்ற தாள்.

‘இன்று உங்கள் செருப்பு சத்தம் உங்களுக்கே கேட்கும். பயந்துவிடாதீர்கள்.’

செருப்புக்கும் சத்தத்துக்கும் நடுவே ஒரு ‘ச்’ விட்டுப்போயிருந்தது. அவள் விரல்கள் பழக்கதோஷத்தில் பேனாவைத் தேடின. கீழே போகப் போக இன்னும் மோசம். துடைப்பது முதலில் வந்தது, கழற்றுவது அதற்குப் பின்னால் வந்தது. பேட்டரிக்கு மேல்பக்கம் கீழ்ப்பக்கம் உண்டு என்பதையே எழுதியவர் மறந்துவிட்டிருந்தார்.

திரும்பவும் முதல் வரிக்குப் போனாள்.

குடிக்கத் தண்ணீர் கேட்டாள்.

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் யாருக்கோ பரிசோதனை நடந்துகொண்டிருந்தது. சத்தம் கேட்கும்போதெல்லாம் அந்த ஆள் விரலை உயர்த்தினார். சில நேரம் சந்தேகமாக, பாதி விரலை.

பிழைகளை ஒவ்வொன்றாகச் சுட்டிக்காட்டினால் போதும், வேலை கைக்கு வந்துவிடும். சொல்வதில் பொய்யும் இல்லை. வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்து நின்றது.

தன் தாளை ஓரமாக நகர்த்தினாள்.

“நான் கருவியைப் பத்தி எழுதியிருக்கேன், டாக்டர். இவங்க அதை மாட்டிக்கிற மனுஷனைப் பத்தி எழுதியிருக்காங்க. இவங்களுக்கே குடுங்க.”

பிழைகள் இருக்கின்றன, அவற்றை யார் வேண்டுமானாலும் திருத்திவிடலாம், இந்த முதல் வரியை எல்லாராலும் எழுதிவிட முடியாது என்றும் சொன்னாள். அடுத்தவர் எழுத்தைப் பற்றி அவள் வாயிலிருந்து இப்படி ஒரு பேச்சு அதுவரை வந்ததே இல்லை.

மருத்துவர் கண்ணாடியைக் கழற்றினார். வேலை கேட்டு வந்தவர்களை எல்லாம் இப்படித்தான் இரண்டிரண்டு பேராகப் பிரித்துப் படிக்கக் கொடுத்தாராம். எல்லாரும் அடுத்தவர் தாளைக் கிழித்துத் தொங்கவிட்டுவிட்டுப் போனார்களாம். நேற்று இதே நாற்காலியில் உட்கார்ந்த பெண் மட்டும் தன் தாளை விட்டுவிட்டு இவளுடைய தாளை எடுத்து நீட்டினாளாம். நான் எழுதினதை நம்பினால் ஜனங்கள் பேட்டரியைத் தலைகீழாகப் போட்டுக்கொள்வார்கள், இவருக்கே கொடுங்கள், வேண்டுமானால் இவருக்குக் கீழே உட்கார்ந்து நான் வேலை செய்கிறேன் என்றாளாம்.

நீங்களும் இப்படிச் சொன்ன பிறகு இரண்டு பேரில் ஒருவரை விட எனக்கு மனசு வரவில்லை, சேர்ந்து எழுதுங்கள் என்றார் மருத்துவர். அந்தப் பெண்ணின் தொலைபேசி எண்ணைக் குறித்துக் கொடுக்கப் பேனாவைத் திறந்தார்.

“நம்பர் வேண்டாம், டாக்டர். அவ என் தங்கச்சி.”

மருத்துவரின் பேனா அப்படியே நின்றது. யார் எழுதியது என்று தெரிந்துதான் சொன்னீர்களா என்று கேட்டார்.

முதல் வரியிலேயே தெரிந்துவிட்டது என்றாள். தெரியாத ஆளாக இருந்திருந்தால் இன்னும் சுலபமாகச் சொல்லியிருப்பேன் என்றாள்.

அப்பா முதன்முதலாகக் கருவியை மாட்டிக்கொண்ட அன்று, கூடத்தில் இரண்டடி நடந்தவர் திடுக்கிட்டு நின்று தன் காலையே குனிந்து பார்த்தார். பிறகு சின்னப்பிள்ளை மாதிரி சுவர் வரைக்கும் போய்ப் போய் வந்தார். அதைப் பார்த்தவர்கள் அக்காளும் தங்கையும் மட்டும்தான்.

அப்பா போனபோது பத்திரிகையில் போடத் தங்கைதான் நாலு வரி எழுதினாள். அதைத் திருத்த உட்கார்ந்தாள் அக்காள். உறவுக்காரர்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, திருத்தி முடித்தபோது அதில் ஒரு பிழை இல்லை. தங்கையின் சொல்லும் ஒன்றுகூட இல்லை. அன்றோடு பேச்சு நின்றது.

மாடிப்படி இறங்கும்போதே போனை எடுத்தாள். என்ன சொல்லி ஆரம்பிப்பது என்று ஒவ்வொரு படியிலும் ஒரு வாக்கியம் யோசித்தாள். ஒவ்வொன்றையும் மனதுக்குள்ளேயே அடித்தாள்.

முதல் மணியிலேயே எடுத்துவிட்டாள் தங்கை.

“சொல்லுக்கா” என்றாள், நேற்று பேசிவிட்டு வைத்தவள் மாதிரி.