ஆயில் கலக்காத பெட்ரோல்

செத்துப்போச்சு. நான்தான் கொன்னுட்டேன்.

அவள் ஒரு காலால் மிதித்துக்கொண்டு மறுபடியும் இழுத்துப் பார்த்தாள். அசைவே இல்லை. தொட்டுப் பார்த்தாள். சில்லென்று கிடந்தது.

கொட்டகைத் தரையில் கிடந்தது அப்பாவின் பிரஷ் கட்டர். நீளக் குழாயும் அதன் தலையில் சின்ன என்ஜினுமாக, சுவரோரப் புல்லை வெட்டுகிற மெஷின். பெரிய புல்வெட்டியைத் தள்ளிக்கொண்டு அப்பா வேலைக்குப் போயிருந்தார். அவர் திரும்புவதற்குள் கொல்லைப்புறத்தை மொட்டையடித்து வைத்து, ‘உனக்கு இதெல்லாம் வராதும்மா’ என்று அடிக்கடி சொல்லும் வாயை அடைக்கலாம் என்று நினைத்தாள். அதுதான் வினையாகிவிட்டது.

இரண்டு கேன்கள் இருந்தன. அவசரத்தில் கைக்கு வந்ததை எடுத்து ஊற்றினாள். முதல் இழுப்பிலேயே கயிறு ஒரு விரல் நீளம்கூட வராமல் இறுகி நின்றது. அப்புறம்தான் கேனைக் கவனித்தாள். அது புல்வெட்டியின் கேன். ஆயில் கலக்காத வெறும் பெட்ரோல்.

சித்தப்பா படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறார். “வாலு, நல்லா கேட்டுக்கோ. புல்வெட்டிக்கு ரெண்டு வாய். ஒரு வாய்ல பெட்ரோல், இன்னொரு வாய்ல ஆயில். பிரஷ் கட்டருக்கு ஒரே வாய்தான். அதுக்குன்னு இருக்கிற டூ ஸ்ட்ரோக் ஆயில பெட்ரோல்லயே கலந்து ஊத்தணும். மறந்துபோய் வெறும் பெட்ரோல்ல ஓட்டினே, கொஞ்ச நேரத்துல பிஸ்டன் பிடிச்சுக்கும். அப்புறம் அந்தக் கடவுளே வந்து இழுத்தாலும் கயிறு வராது.”

வரவில்லைதான்.

அப்பாவுக்குத் தெரிந்தால் தோலை உரித்துவிடுவார். என்ன செய்வது என்று முழித்துக்கொண்டு நின்றபோதுதான் அந்தக் கெட்ட யோசனை வந்தது. அப்பாவும் சித்தப்பாவும் ஒரே கடையில் ஒரே நாளில் வாங்கிய ஜோடி மெஷின்கள் அவை. எது யாருடையது என்று சொல்ல ஒரே அடையாளம், அப்பா தன் மெஷினின் கைப்பிடியில் சுற்றியிருந்த கறுப்பு டேப்.

சித்தப்பா வீடு, இடுப்பளவுச் சுவருக்கு அந்தப் பக்கம். அவர் கடைக்குப் போயிருந்தார். சித்தி உள்ளே குழந்தையைக் குளிப்பாட்டுகிற சத்தம் கேட்டது. செத்ததைத் தூக்கிக்கொண்டு சுவரேறி அவர் கொட்டகைக்குப் போனாள். இரண்டு மெஷினையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து டேப்பைப் பிரித்தாள். வருஷக்கணக்காகச் சுற்றியிருந்தது, லேசில் வராது என்று பயந்தாள். நகம் பட்டதுமே சரசரவென்று உரிந்து வந்தது. சித்தப்பா மெஷினின் கைப்பிடிதான் பழைய பசையும் அழுக்குமாகக் கையில் ஒட்டியது. அதன்மேல் டேப்பைச் சுற்றி, தூக்கிக்கொண்டு வந்து அப்பாவின் இடத்தில் சாத்தினாள்.

செத்தது சித்தப்பா கொட்டகையில் நின்றது, வயிறு நிறைய வெறும் பெட்ரோலுடன். அதைக் கீழே கொட்டிவிட்டு வந்திருக்கலாம். கொட்டவில்லை. அவரே மறந்து ஊற்றினதாக இருக்கட்டும்.

வீட்டுக்குள் வந்து உட்கார்ந்த பிறகுதான் செய்தது உறைத்தது. நேற்றுச் சாயங்காலம்கூடப் புனல் எடுக்க இவர்கள் கொட்டகைக்கு வந்த சித்தப்பா, போகும்போது அவள் கையில் ஒரு மிட்டாயைத் திணித்துவிட்டுப் போனார். அந்த மனுஷனுக்கா?

மதியம் சுவருக்கு அந்தப் பக்கம் சித்தியின் குரல் கேட்டது.

“என்னங்க, வண்டி வந்து நிக்குது, இன்னும் அத வச்சு என்ன பண்றீங்க?”

“கயிறு வரமாட்டேங்குது.”

“தள்ளுங்க.” மூடியைத் திறக்கிற சத்தம். “நல்லா இருக்கு! மோந்து பாருங்க, ஆயில் வாசனையே இல்ல. ஊருக்கெல்லாம் ஆயில் பாடம் எடுக்கிற வாத்தியாரு, தன் மெஷினுக்கு வெறும் பெட்ரோல ஊத்தி வச்சிருக்காரு!”

மெஷினைத் தரையில் புரட்டிப்போடுகிற சத்தம் கேட்டது.

“ஏதாவது பேசுங்களேன். இன்னிக்கு அந்த ஆஸ்பத்திரிப் புல்லு வெட்டுற வேலைக்குப் போகலைன்னா வேற ஆளப் பாத்துக்குவோம்னு சொல்லிட்டாங்கல்ல? இத நம்பித்தானே இருக்கோம்?” சித்தியின் குரல் கேலியில் ஆரம்பித்து அழுகையில் முடிந்தது. கதவு படாரென்று சாத்திக்கொண்டது.

அதற்குமேல் அவளால் தாங்க முடியவில்லை. அப்பா தோலை உரித்தாலும் உரிக்கட்டும். சுவரேறிக் குதித்தாள்.

சித்தப்பா மெஷினுக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். அவருக்குக் கோபமே இல்லை. என்ஜின் அடியில், அவள் கவனித்திராத இடத்தில், யாரோ ஸ்க்ரூடிரைவரால் நெம்பி உடைத்திருந்த ஓரத்தை விரலால் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். முகம் பேயறைந்தது மாதிரி இருந்தது.

“சித்தப்பா... நான் ஒரு பெரிய தப்பு பண்ணிட்டேன்...”

அவர் காதில் அது விழுந்ததாகவே தெரியவில்லை. சாத்திய கதவை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு அவள் மணிக்கட்டைப் பிடித்துப் பக்கத்தில் இழுத்தார்.

“வாலு, செத்துப்போச்சுன்னு நேத்து இத உங்க கொட்டகையில நான் மாத்தி வச்சேனேடி... எப்படித் திரும்பி வந்துச்சு?”