அடையாளக் கல்

ரிசல்ட்டைக் கேட்டு அழுதவர் மணியன். புற்றுநோய் என்று டாக்டர் சொன்னதோ அவருடைய அண்ணன் செங்கோடனுக்கு.

செங்கோடன் அழவில்லை. சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அது போன மாதத்துத் தாள். யாரும் கிழிக்கவில்லை.

"அய்யா, புரியற மாதிரி சொல்றேன்," என்றார் டாக்டர் பூபதி. "புராஸ்டேட் சுரப்பியில இருந்து ஒரு புரதம் ரத்தத்துல கலக்கும். போன மாசம் உங்களுக்கு அது பதினொண்ணு இருந்துச்சு. வெறும் வீக்கம்னாலும் ஏறும், புத்துன்னாலும் ஏறும். அதனாலதான் இந்தப் புது டெஸ்ட். அந்தப் புரதத்து மேல சர்க்கரை, கொடி மாதிரி ஒட்டியிருக்கும். புத்து வந்துட்டா அந்தக் கொடி படர்ற விதமே மாறிடும்."

"எனக்கு மாறிருச்சாக்கும்?"

"மாறியிருக்கு."

"அப்படித்தான் சொல்லுவீங்கன்னு தெரியுமுங்க."

முப்பது வருஷம் திருச்செங்கோட்டு ரிக் வண்டியில் ஊர் ஊராகப் போய்த் தண்ணீருக்கு போர்வெல் போட்டவர் செங்கோடன். கண்ணுக்குத் தெரியாததைச் சொல்கிற யாரையும் நம்பமாட்டார். ஒருமுறை, உள்ளங்கையில் தேங்காய் வைத்து நீரோட்டம் பார்க்கிறவன், ஓர் இடத்தில் அடையாளக் கல் நட்டுவிட்டு டீ குடிக்கப் போனான். செங்கோடன் கல்லைப் பிடுங்கி இருபதடி தள்ளி நட்டார். திரும்பி வந்தவனை மறுபடி பார்க்கச் சொன்னார். தேங்காய், இடம் மாறிய கல்லுக்குப் பக்கத்தில்தான் எழுந்து நின்றது.

போன வாரம் ரத்தம் கொடுக்க வரும்போதும் பஸ்ஸில் அதைத்தான் சொன்னார். "இவனுங்களும் பேரைப் பாத்துத்தான் நோவு எழுதுவானுங்க. நீ வேணா பாரு."

மணியன் காதில் வாங்கவில்லை. கூடப்பிறந்தவர்களும் டெஸ்ட் எடுத்துக்கொள்வது நல்லது என்று டாக்டர் சொன்னதால் அவரும் கையை நீட்டி ரத்தம் கொடுத்தார். முட்டி வலி என்று கீழேயே உட்கார்ந்துவிட்டார். பேர் ஒட்டிய இரண்டு ட்யூபையும் மாடி ஏறி லேபில் கொடுத்தது செங்கோடன்தான்.

டாக்டர் தாளைத் திருப்பினார். "இத்தனைக்கும் புரத அளவு நாலுக்கு எறங்கியிருக்கு. கொடிதான் மோசமா இருக்கு. துளி சதை எடுத்துப் பாத்து உறுதி பண்ணிக்கலாம்."

"நாலுங்களா?" செங்கோடன் நிமிர்ந்தார். "தம்பிக்கு எவ்வளவுங்க?"

டாக்டர் இன்னொரு தாளை எடுத்தார். "பதினொண்ணு. ஆனா கொடி நல்லா இருக்கு. அவருக்கு வெறும் வீக்கம்தான். மாத்திரை போதும்."

"எனக்கு ஒரு தொந்தரவும் இல்லீங்களே," என்றார் மணியன், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "என்னை உடுங்க சாமி. எங்கண்ணனைப் பாருங்க மொதல்ல."

செங்கோடனின் கை மேசை விளிம்பில் கிடந்தது. தம்பி அதை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். அந்தக் கைக்கு அது தெரிந்த மாதிரியே இல்லை.

"ராத்திரிக்கு நாலு வாட்டி எந்திரிச்சுப் போவியேண்ணா. அப்பவே உன்னை இழுத்துக்கிட்டு வந்திருக்கோணும். நீ ஒண்ணும் பயப்படாத, நான் இருக்கறேன்." மணியன் அந்தக் கையை இறுக்கிப் பிடித்தார். "இந்தக் கெரகம் உனக்குப் பதிலா எனக்கு வந்திருக்கக் கூடாதா?"

செங்கோடன் காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். தம்பியின் மடியிலிருந்து கையை இழுத்துக்கொண்டார்.

"மணியா... ட்யூப்புல ஒட்டியிருந்த பேரை மாத்துனது நாந்தாண்டா."