காட்டுத்தீ நாளில் ஒரு ஜெனரேட்டர்

மலையடிவாரத்தில் செலினாவின் வீடு. ஒரு கோடையில் மேலே காடு பற்றிக்கொண்டது. மின்கம்பிகளால் நெருப்பு இன்னும் பரவிவிடக்கூடாது என்று ஊருக்கே மின்சாரத்தை நிறுத்திவிட்டார்கள். செலினா கொல்லையிலிருந்த சின்ன ஜெனரேட்டரை ஓடவிட்டாள்.

சற்று நேரத்தில் கூரைமேல் தீப்பொறிகள் விழத் தொடங்கின. கூரையை நனைக்கத் தண்ணீர் மோட்டாரைப் போட்டாள். உடனே ஜெனரேட்டர் திணறியது.

"மோட்டாரையும் ஃபிரிட்ஜையும் சேர்த்து இழுக்க என்னால முடியலையே" என்றது.

சமையலறையிலிருந்த ஃபிரிட்ஜ் கம்பி வழியாகப் பேசியது. "என்கிட்ட செலினாவோட இன்சுலின் இருக்கு. ஆனா கதவைத் திறக்காம இருந்தா கொஞ்ச நேரம் குளிர் தாங்கும். மோட்டாரை ஓட்டுங்க அண்ணே."

சொல்லிவிட்டு அது தன் ஓட்டத்தை நிறுத்திக்கொண்டது. மோட்டார் மூச்சுவிடாமல் தண்ணீர் இறைத்தது. கூரையில் விழுந்த பொறிகள் புகைந்து அணைந்தன. காற்று திசை மாறியதும், "எனக்குப் போதும், ஃபிரிட்ஜைக் கவனிங்க" என்று மோட்டாரே ஒதுங்கியது. மருந்து கெடுவதற்குள் குளிர் திரும்பியது.

மறுநாள் மின்சாரம் வந்தது. செலினா ஜெனரேட்டரின் இணைப்பைக் கழற்றினாள். இனி ஃபிரிட்ஜ் பேசினால் அதற்குக் கேட்காது. அதனால் கொல்லையில் ஜெனரேட்டரின் பக்கத்திலேயே, இன்னும் வீட்டுக் கம்பியோடு இணைந்திருந்த மோட்டாரிடம், "அண்ணனுக்கு என் நன்றியைச் சொல்லிடு" என்றது ஃபிரிட்ஜ்.

மோட்டார் அதை ஜெனரேட்டரிடம் சொன்னது.

"ஃபிரிட்ஜ் விட்டுக்கொடுக்கலேன்னா நான் நின்னே போயிருப்பேன். நான்தான் நன்றி சொல்லணும்னு சொல்லு" என்றது ஜெனரேட்டர்.

அன்று முழுக்க மோட்டார் தண்ணீரைவிட நன்றியைத்தான் அதிகம் சுமந்தது. அதற்கு அலுக்கவே இல்லை.