ஆதிரையின் மீன்

கூழைக்கடாவின் அலகை அவள் இரண்டு கையாலும் விரித்துப் பிடித்திருந்தாள்.

அது திமிறவில்லை. திமிற அதனிடம் தெம்பு இல்லை.

தொண்டை வாசலில் ஒரு மீன் குறுக்கே நின்றது. கறுப்பு மீன். உடம்பெல்லாம் ஓடுபோல் கெட்டித் தோல். பயந்தால் முள்ளை விரித்துக்கொண்டு மடக்க மாட்டேன் என்று நிற்கிற வகை. விழுங்கவும் முடியாது, துப்பவும் முடியாது.

எத்திராஜ் மண்டியிட்டுக் கட்டிங் பிளேயரை உள்ளே விட்டான். இருபது வருடமாக இந்த ஏரியில் வலை போடுகிறவன். தினமும் கரையில் பொரி போட வரும் அவளை அக்கா என்பான்.

"ஏரி மீனே இல்லக்கா இது. கண்ணாடித் தொட்டியில வளக்குறது. எவனோ கடைக்காரன் மிச்சத்த கொண்டாந்து கொட்டிட்டான். இப்ப வலை பூரா இதுதான். கெண்டையும் இல்ல, குறவையும் இல்ல. பறவைங்க எதத்தான் திங்கும்?"

பாவம் ஓரிடம், பழி ஓரிடம். அவள் அலகை இன்னும் கொஞ்சம் விரித்தாள்.

ஆறு வருடத்துக்கு முன் ஆதிரை கனடா போனாள். ஒரே மகள். விமான நிலையத்தில் அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதவள், கடைசியாகச் சொன்னது தன் தொட்டியில் வளர்த்த கறுப்பு மீனைப் பற்றித்தான். சாகவிடாம பாத்துக்கோம்மா.

இரண்டே மாதத்தில் தொட்டியில் விரிசல் விட்டது. அவள் தூக்குவாளியில் மீனை எடுத்துக்கொண்டு ஏரிக்கு நடந்தாள். பாதி வழியில் நின்றாள்.

இவ்வளவு தண்ணீரில் ஒற்றையாய் எப்படி இருக்கும்?

ஒற்றையாய் இருப்பது என்னவென்று அவளுக்கே அப்போதுதான் தெரிய வந்திருந்தது. கடைக்குப் போய் இன்னொன்று வாங்கினாள். ஜோடி சேர்த்துத்தான் விட்டாள். புண்ணியம் செய்த நிம்மதியில் அன்று வயிறாரச் சாப்பிட்டாள்.

அன்றிலிருந்து தினமும் மாலையில் பொரி. தண்ணீருக்கு அடியில் கறுப்பாய் ஏதாவது நெளிந்தால் போதும். மகளைப் பார்த்துவிட்ட மாதிரி வீடு திரும்புவாள்.

தை மாதத்தில் கூழைக்கடா நாற்பது ஐம்பது வரும். இந்தத் தையில் இரண்டு.

ஒன்று அவள் கையில். மற்றது ஏரி நடுவில், கரையையே பார்த்துக்கொண்டு மிதந்தது.

டக்கென்று முள் முறிந்தது. இன்னொரு டக்.

மீன் வழுக்கிக்கொண்டு வந்து விழுந்தது. பறவை கழுத்தை இரண்டு முறை உதறியது. தள்ளாடித் தள்ளாடித் தண்ணீரில் இறங்கியது. நடுவில் இருந்தது அதை நோக்கி விரைந்து வந்தது.

அவளுக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

"இது லேசுல சாவாது. கல்லால ஒரு போடு போடுங்கக்கா. தண்ணில மட்டும் விட்டுறாதீங்க."

எத்திராஜ் வலையைப் பார்க்கப் போய்விட்டான்.

மீன் அவள் காலடியில் வாயைத் திறந்து திறந்து மூடியது.

கைபேசி அடித்தது. ஆதிரை. மாதத்துக்கு ஒருமுறை, அங்கே காலையில் பஸ்ஸுக்கு நிற்கிற நேரத்தில் கூப்பிடுவாள்.

"சாப்டியாம்மா? கால் வலி எப்படி இருக்கு?" வழக்கமான கேள்விகள் முடிந்தன. "என் மீன் ஏரியில இன்னும் இருக்குமாம்மா?"

அவள் கீழே பார்த்தாள்.

"இருக்குடி. பெருகிடுச்சு. ஏரி பூரா உன் மீன்தான்."

ஆதிரை சிரித்தாள். சின்ன வயதில் தொட்டிக் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு சிரிப்பாளே, அந்தச் சிரிப்பு. அதைக் கேட்டு எத்தனை வருடம் ஆயிற்று.

அவள் அது ஓயும்வரை கைபேசியைக் காதிலிருந்து எடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"பஸ் வந்துடுச்சும்மா."

கைபேசியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

கல்லை எடுத்தாள்.