கிழக்கே ஆறு பருந்து

“வால் எப்படி இருக்கு? முதல்ல அதைச் சொல்லு.”

“நீளமா இருக்கு. நுனியில பிளவு இல்ல.”

“அப்போ?”

“வெளியூர்க்காரன்.”

“சரி,” என்றார் இருதயராஜ்.

பவுனுக்குச் சிரிப்பு வந்தது. கல்யாணமான நாளாக இந்த மனுஷன் வாயிலிருந்து ஒரு ‘சரி’ வாங்க அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும். மீன் குழம்புக்கே ‘பரவாயில்ல’தான். இப்போது ஞாயிறுதோறும் பருந்துக்குப் பருந்து ஒரு சரி.

பூசை முடிந்து வந்த கையோடு வீட்டுக்குப் பின்னால், துவைக்கிற கல்லுக்கும் கொய்யா மரத்துக்கும் நடுவில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிடுவார். பவுன் பக்கத்தில் நிற்பாள், கழுத்தில் பைனாகுலரோடு.

வெங்காயம் தங்கமாய் விற்ற தொண்ணூற்றெட்டு அக்டோபர் அது. மழை விட்டு, விஷ்ராந்த்வாடியில் வெயில் சுள்ளென்று அடிக்கத் தொடங்கியதும் வடக்கேயிருந்து பருந்துகள் வரும். சூடேறிய தரையிலிருந்து எழும்புகிற காற்றில் சுற்றிச் சுற்றி மேலே ஏறும். பிறகு சிறகை அசைக்காமல் தெற்கே சறுக்கிப் போகும். ஏரவாடா கறிக்கடைகளுக்கு மேலே வட்டமிடுகிற உள்ளூர்ப் பருந்துக்கு வால் பிளந்திருக்கும். அவ்வளவுதான் பாடம்.

இருதயராஜுக்கு அதுதான் பிழைப்பு. விமானதளத்தில், ரன்வே ஓரமாக ஜீப்பில் நின்று வானத்தைப் பார்க்க வேண்டும். பறவை தெரிந்தால் வாக்கி டாக்கியில் டவருக்குச் சொல்லி, வெடி போட்டு விரட்ட வேண்டும். பருந்துகளுக்கோ, காய்கிற ரன்வேக்கு மேலேதான் நல்ல காற்று கிடைக்கும்.

“ஒண்ணே ஒண்ணு இன்ஜினுக்குள்ள போனா போதும்,” என்று கல்யாணமான புதிதில் ஒருநாள் சொன்னார். அன்றைக்கு அதற்கு மேல் அவர் சாப்பிடவில்லை.

நாளைக்கு அவருக்கு வருஷாந்திர மெடிக்கல். தேறாவிட்டால் வேலை இல்லை. வேலை இல்லாவிட்டால் இந்த வீடும் இல்லை, கொய்யா மரமும் இல்லை. பவுனுக்கு அதைப் பற்றிக் கவலை இருக்கவில்லை. சர்க்கரை கிடையாது, பிரஷர் கிடையாது, கல்லு மாதிரி உடம்பு.

போன மாதம் அவளுக்குக் கண் பார்த்ததும் அந்த மெடிக்கல் பார்க்கிற டாக்டர்தான், அதே போர்டை வைத்துத்தான். போர்டில் இருந்த எழுத்துகளைக் கடைசி வரிவரை ஒரு தடங்கலில்லாமல் படித்தாள். “உன் கண்ணுதான்டி பருந்துக் கண்ணு,” என்று டாக்டர் முன்னாலேயே இருதயராஜ் சொன்னார். வீட்டுக்கு வந்ததும் பைனாகுலரைக் கழற்றி அவள் கழுத்தில் மாட்டிவிட்டார்.

“இப்போ என்ன இருக்கு?” என்றார்.

வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. ஒரு காக்கைகூட இல்லை. சும்மா நின்றவளுக்குக் குறும்பு தோன்றியது.

“கிழக்கே ஆறு. தண்ணி டேங்க் மேல சுத்துது.”

இருதயராஜ் நெற்றியில் கைவைத்து வெயிலை மறைத்துக்கொண்டு கிழக்கே பார்த்தார். கழுத்தை நீட்டி, நிதானமாகப் பார்த்தார்.

“சரி,” என்றார். “ஆறும் வெளியூர்தான்.”

“மாட்டுனீங்களா! அங்க ஒண்ணுமே…”

சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

அவர் நெற்றியிலிருந்து கையை எடுக்கவில்லை. கொடியில், நாளைக்குப் போட்டுக்கொண்டு போகவேண்டிய காக்கிச் சட்டை அசையாமல் தொங்கியது.

இன்றைக்குச் சொன்ன சரி, போன ஞாயிறு சொன்ன சரி, அதற்கு முந்தின ஞாயிறு சொன்ன சரி எல்லாம் பவுனுக்கு ஞாபகம் வந்தன. அவற்றில் ஒரு பருந்தைக்கூட அவர் முதலில் சொன்னதில்லை.

தூரத்தில் ஒரு விமானம் இரைய ஆரம்பித்தது. இன்றைக்கு ரன்வே ஜீப்பில் டூட்டி விச்சுவுக்கு. சின்னப் பையன், கூர்மையான கண்.

தண்ணீர் டேங்குக்குப் பின்னாலிருந்து, இப்போது நிஜமாகவே ஒரு பருந்து மேலே ஏறியது. அதன் பின்னால் இன்னொன்று. பவுன் பைனாகுலரைத் தூக்கினாள். வாயைத் திறக்கவில்லை. பக்கத்தில் இருந்தவரும் எதுவும் சொல்லவில்லை. அவர் முகம் அந்தப் பக்கம்தான் இருந்தது.

விமானத்தின் சத்தம் வீட்டுக்கு மேலே வந்து, கொய்யா இலைகளை அதிரவைத்து, மெல்ல விலகிப் போனது. மூன்றாவது பருந்தும் வட்டத்தில் சேர்ந்துகொண்டது.

“பவுனு,” என்றார் இருதயராஜ், வால் எப்படி என்று கேட்கிற அதே குரலில். “அந்த டாக்டரோட போர்டுல கீழ் மூணு வரி. உனக்கு மறந்திருக்காது. மெதுவா ஒரு தடவை சொல்லேன்.”