பேச்சு முடியட்டும்

காலையில் கூட்டத்துக்கு வந்த ஊரே சாயங்காலம் வயிற்றுப்போக்கோடு ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தது. டாக்டர் ரத்னிங், முதல் கட்டிலில் சுருண்டு கிடந்த வர்சித்தோவிடம் கேட்டாள்.

"வர்சித்தோ ஐயா, கூட்டத்துல குடுத்த சோத்துப் பெட்டி எப்ப வந்துச்சு?"

"காலையிலயே டாக்டர். தேங்காய்ப்பால் கோழியோட, சுடச்சுட."

"அப்பவே சாப்பிட்டிருக்கலாமே!"

"அதிகாரி பேசி முடிக்காம பெட்டியத் தொறந்தா மரியாதையா? மனுஷன் மத்தியானம் வரைக்கும் மைக்க விடல."

"அந்த வெக்கையில கிருமி உள்ள குடித்தனமே பண்ணியிருக்கும். அப்படி என்னதான் பேசினாரு?"

"பசியில யாரு கேட்டா? அவரையே கேளுங்க, பக்கத்துக் கட்டில்தான்."

பக்கத்துக் கட்டிலில் அதிகாரி ஹர்யோனோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு முனகினார்.

"சமைச்ச சாப்பாட்ட ரெண்டு மணி நேரத்துக்கு மேல வெளிய வைக்கக் கூடாதுன்னு... கொஞ்சம் விளக்கமாச் சொன்னேன், டாக்டர்."